பாதி எண்

ஆவணி லீவில் நான்கு நாள்.
நிலாவெளியில் மலிவாய்க் கிடைத்த அறை,
குளிரூட்டி இரவெல்லாம் இருமும்.
பதுளை ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
வருடம் முழுக்க
செவ்வணு வெள்ளணு எண்ணுகிற கண்ணுக்கு
தூரம் என்று ஒன்று தேவைப்பட்டது.

எண்ணாமல் இருக்க வந்தவள்
முதல் விடியலிலேயே தொடங்கிவிட்டேன்:
ஆலா பதினாறு.
செம்பருந்து இரண்டு.
மீன்பெட்டிகளைச் சுற்றிக் காகம்.
காகத்தை யார் எண்ணுவது.

நிமலேந்திரன் புரண்டு படுத்து
"லீவிலுமா?" என்றான்.
கொஞ்சம் கழித்துத் தலையணைக்குள்ளிருந்து
"அப்ப என்னையும் போடு."
போட்டேன்.
நிமலேந்திரன், ஒன்று. அசைவில்லை.

புறாமலைக்குப் போன வள்ளத்தில்
ஒன்பது பேர் மடியில் மூச்சுக்குழாய்,
என் மடியில் கொப்பி.
"மீன் பாக்கலியா அக்கா?
கீழ சுறாக்குட்டி நிக்கும்" என்றான்
ஓட்டி முஸம்மில்.
"புறா பார்க்க."
அவன் சிரித்ததில் வள்ளம் ஒருதரம் ஆடியது.
"புறாவுக்கு ஆரும் காசு கட்டி வாறல்ல."

தீவுக்குப் பெயர் கொடுத்தவை
பாறைக்கு அந்தப் பக்கம் இருந்தன.
பஸ் நிலையத்துக் கூரையில் பார்த்த அதே சாம்பல்,
கழுத்தில் அதே பச்சை வெயில்.
ஆனால் ஒன்றுகூட
என் கையைப் பார்க்கவில்லை.
கையைப் பார்க்காத புறாவை
அன்றுதான் கண்டேன்.
முப்பத்தொன்று என்று எழுதி
சந்தேகத்தில் வட்டம் போட்டேன்.

மூன்றாம் நாள் பட்டினத்துக்கு வந்தோம்.
அவனுக்குச் சாரம் வாங்க வேண்டும்.
நான் கோட்டைக்குக் கீழே கற்கரையில் இறங்கினேன்.
கச்சான் காற்று முதுகில் தள்ளியது.

அங்கே நின்றது ஒரு கல்திருப்பி உள்ளான்.
துருவத்தில் உடுத்த செம்மண் சட்டை
பாதி கழன்று, பாதி ஒட்டி.
அலகை விட்டு நெம்பும். குனிந்து பார்க்கும். இல்லை.
அடுத்த கல்.
சாவியைத் தொலைத்துவிட்டு
எந்த வாசலில் என்று மறந்த ஆள் மாதிரி.

வலக்காலில் ஒரு தகடு.
தகட்டில் எழுத்து.

திருகை மெல்லத் திருப்பினேன்.
ஜே.
பிறகு நான்கு.
பிறகு

"என்ன பார்க்கிறீர்கள்?"
சிங்களத்தில், பின்னாலிருந்து.
சீருடை புதிது, மீசையும் புதிது.
"குருவி" என்றேன் அவன் மொழியில்.
உள்ளானுக்கு அதில் என்ன பெயரென்று
எனக்குத் தெரியாது.
கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை.

கையை நீட்டினான். கொடுத்தேன்.
துறைமுகப் பக்கம் ஒருதரம் பிடித்துப் பார்த்தான்,
இங்கிருந்து எவ்வளவு தெரிகிறது என்று.
பிறகு தாழ்த்தி
கற்களுக்குக் கொண்டுவந்தான்.
திருகினான். இன்னும் திருகினான்.
வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

என்ன தெரிகிறது என்று நான் கேட்கவில்லை.
கேட்பது அவன் வேலை.

"இத்தனூண்டு இருந்துகொண்டு
கல்லைத் தூக்குகிறதே" என்றான்,
யாரிடமோ முறையிடுவதுபோல்.
தொலைநோக்கியைத் திருப்பித் தந்து
படமெடுக்கக் கூடாது என்று சொல்லிப் போனான்.

கண்ணில் வைத்தேன்.
எல்லாமே பஞ்சு.
அவன் கண்ணுக்குச் சரியாயிருந்த கடல்
எனக்குக் கரைந்து கிடந்தது.
அதை என் கண்ணுக்கு மீட்டு வருவதற்குள்
ஒரு அலை ஏறி இறங்கியது.
கற்கள் இருந்தன, ஈரமாய்.

"ஜே நான்கு, மற்றது?"
கச்சான் கோதை உதறியபடி
நிமலேந்திரன் கணக்குப் போட்டான்.
"கடைசி எழுத்தென்றால் இருபத்தாறு,
எண்ணென்றால் பத்து.
முப்பத்தாறு பறவையில் ஒன்று உன்னுடையது.
மோசமில்லை."

பாதி எண்ணை
எந்தப் பதிவிலும் ஏற்கமாட்டார்கள்.
எந்தக் கரையில், யார் கை அதைப் பிடித்து
தகடு மாட்டி விட்டதோ
அந்தக் கைக்கு என்னிடமிருந்து ஒன்றும் போகாது.
கொப்பியில் ஜே, நான்கு,
பக்கத்தில் ஒரு நகத்தளவு வெள்ளை விட்டேன்.

திங்கட்கிழமை, மழை.
முதல் கண்ணாடித் தகட்டை வைத்து
நுண்ணோக்கியில் குனிந்தேன்.
எல்லாமே பஞ்சு.
லீவில் என் கதிரையில் இருந்தவள்
சுபாங்கி. அவளுக்குக் கிட்டப்பார்வை.

திருகில் விரல் வைத்தேன்.
உடனே திருப்பவில்லை.