எண்ணிக்கை தவறிய சுருள்

மேற்கிலிருந்து வரும் காற்றுக்குக்
கோடை என்று பெயர் வைத்த மொழி
பத்தகோனியாவைப் பார்த்ததில்லை.
அங்கே மேல்காற்று
பனிமலையில் பல் தீட்டிக்கொண்டு இறங்கும்.
ஆட்டைக் கம்பிவேலியோடு சேர்த்துத் தைக்கும்.
பேசுகிறவன் வாயிலிருந்து
சொல்லைப் பிடுங்கிக்கொண்டு போய்
அட்லாண்டிக்கில் போடும்.

ஒடீலியா நவெல்கிர் அதை
நாற்பத்தொரு வருடமாகத் திட்டிவருகிறாள்,
இரண்டு மொழிகளில்.

போன வருடம்
ரேடியோவின் பாட்டரி செத்துக் கிடந்த வாரம்.
மேட்டுநிலத்துக்காரர்களுக்குச் சேதி வாசிப்பது
மாலை ஏழு மணிக்கு.
"அனிசேத்தோ வியாழன் வருகிறான்,
பாலத்தடிக்குக் குதிரை கொண்டுவரவும்."
இரண்டு முறை வாசித்தார்களாம்.
கம்பளி கத்தரித்த கூலியை இடுப்பில் கட்டிக்கொண்டு
இருபத்திரண்டு கிலோமீட்டர்
எதிர்காற்றில் நடந்துவந்தவன்
வாசலில் நின்று ஒன்றுமே கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

இந்த வருடம் அவன் கிளம்பிய மறுநாள்
ஓடாத பியூஜோவின் சக்கரக்குடத்தைக் கழற்றினாள்.
புயலில் சாய்ந்த பாப்ளார் மரத்தில்
மூன்று இறக்கை இழைத்தாள்.
தபாலில் வந்த காந்தங்கள்
ஒன்றையொன்று பார்த்ததும் பாய்ந்தன,
நடுவில் அவள் சுண்டுவிரல் இருந்தது.
நகம் கருத்து, உதிர்ந்து, புதிது முளைப்பதற்குள்
ஒன்பது செம்புச் சுருள்.
சுருளுக்கு எண்பது சுற்று.
ஏழாவதில், அறுபதோ அறுபத்து மூன்றோ,
அடுத்த பண்ணை எர்மிந்தா வந்து உட்கார்ந்து
மாத்தே உறிஞ்சியபடி
மருமகளைப் பற்றி ஆரம்பித்தாள்.

காற்று மிஞ்சினால் வால் மடங்கி
யந்திரம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.
முறைத்து நின்றால் முறியும்.
இந்தப் பாகத்துக்கு மட்டும்
வரைபடத்தை அவள் பிரிக்கவே இல்லை.

குதிரையைக் கட்டி இழுத்துக்
கம்பத்தை நிமிர்த்திய அன்று
சமையலறையில் பல்பு எரிந்தது.
முதலில் தெரிந்தது
கூரை மூலையில் ஒட்டடை.

பிறகு, ஜனவரியில்,
காற்றுக்கென்றே இருக்கும் மாதத்தில்,
காற்று நின்றது.

மூன்று நாள்.
நாய்கள் எழுந்து எழுந்து பார்த்துப் படுத்தன.
வேலியில் சிக்கிய கம்பளித் துணுக்கு
தொங்கியது தொங்கியபடி.
தன் மூச்சே அவள் காதில் விழுந்தது,
பிடிக்கவில்லை.
காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்றவர்கள்
மற்ற நாளைக்கு
ஒன்றும் சொல்லிவைக்கவில்லை.
லாரி பாட்டரியில் பதினொன்று புள்ளி எட்டு.
பல்பைக் கழற்றி
ரொட்டிக் கூடையில் வைத்தாள்.

இருட்டில் ஏழு மணி.
எஸ்தேபனுக்கு: ஆண் குழந்தை, இருவரும் நலம்.
வில்கபான் வீட்டாருக்கு: உங்கள் கோவேறு கழுதை
இங்கேதான் இருக்கிறது, தின்று தீர்க்கிறது.
எர்மிந்தாவுக்கு: மருமகள் திரும்பி வருகிறாள்.
ஒடீலியாவுக்கு இல்லை.
இருந்தும் அவள் அணைக்கவில்லை.
கம்பளி விலை வந்தது, பாட்டு வந்தது.
பாடகனின் தொண்டை கட்டி,
கரகரத்து,
போய்விட்டது.

இரவு இரண்டுக்கு மேல்
தகரக் கூரையில் ஒரு தளர்ந்த ஆணி
முதலில் பேசியது.
அப்புறம் இறக்கைகள்.
போர்வையோடு வெளியே வந்து நின்றாள்.
பழக்கதோஷத்தில் வாய் திறந்தது.
திட்டு வரவில்லை.
அதற்காக
வா என்றும் சொல்லிவிடவில்லை.

அடுத்த வியாழன்
பாலத்தடியில் இரண்டு குதிரை நின்றன.
வீடு தெரியும் திருப்பத்தில்
அனிசேத்தோ கடிவாளத்தை இழுத்துத்
தலையைச் சாய்த்துக் கேட்டான்.
கம்பத்தை அண்ணாந்து பார்த்தான்.
வெகு நேரம் கழித்து,
"நொண்டுகிறது" என்றான்.

"ஏழாவது சுருள்.
எர்மிந்தாவைக் கேள்" என்றாள்.