பதினேழாம் எண் பூட்டு

வாரத்துக்கு ஒரு தாள்.
வெள்ளி மாலை தட்டச்சு செய்வேன்,
திங்கள் காலை ஐந்தரைக்குள்
வருகைப் பதிவு இயந்திரத்தின் பக்கத்தில் ஒட்டிவிடுவேன்.
யாரும் படிப்பதில்லை என்பார் பிரெண்ட்.
ஓர் எழுத்து பிழையானால் மட்டும்
பதினொரு பேர் வந்து சொல்வார்கள்.

சென்ற வாரம் எழுதியவை:
பூட்ஸ் படி இருபது டாலர் கூடியது.
வடக்கு விடுதியில் தரைக்கு மெழுகு, சுற்றிப் போகவும்.
ரொவேனாவுக்குக் குடியுரிமை. மதியம் கொதிகலன் அறையில் கேக்.
ஏணியில் எப்போதும் மூன்று பிடி: இரண்டு கால், ஒரு கை.
உப்பு வாளி காலியானால் வந்து சொல்லுங்கள்,
காலி வாளியைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போகாதீர்கள்.
கடைசியில், மூன்று வாரமாக மாறாத வரி:
புதிய பூட்டுகள் விரைவில் வரும்.

செவ்வாய். சஸ்கட்டூனில் மைனஸ் முப்பத்தெட்டு.
வேளாண் கட்டடத்தின் அடியில், நீராவிச் சுரங்கத்தில்
ஓரெஸ்ட் வால்வை மூடித்
தன் சிவப்புப் பூட்டை மாட்டினான். எண் பதினேழு.
கூடவே அவன் முகம் பதித்த அட்டை:
உள்ளே வேலை நடக்கிறது. போட்டவனே எடுப்பான்.
பிறகு ஒரு வாஷருக்காக மேலே வந்தான்.
சரக்கு வாசலில் பனிக்கட்டி.
பக்கத்தில் உப்பு வாளி,
காலி.

இடுப்பு. ஆம்புலன்ஸ்.
சாவி கால்சட்டைப் பையில்,
கால்சட்டை அவனோடு.

மேலே கண்ணாடிக் கூடத்தில் கோதுமை நாற்று,
ஒரு பேராசிரியையின் நான்கு வருடம்.
பதினெட்டு டிகிரி, பதினைந்து, பதினொன்று.
மூன்று முறை போன் வந்தது.
நான்காவது, டீனிடமிருந்து.

பிரெண்ட் இரும்பு வெட்டியோடு இறங்கினார்.
வால்வுக்கு முன்னால் டெல்பர்ட் மொராஸ்டி
கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.
"வேலை முடிஞ்சிருக்கும்."
"இருக்கும்."
"நாத்து சாகுது, டெல்பர்ட்."
"எட்டாவது விதி. முதல்ல ஆளைக் கூப்பிடணும்."

அந்த எட்டாவது விதியைப்
பெரிய எழுத்தில் அச்சடித்து ஒட்டியது நான்தான்.
பல்துலக்குவது போல ஒட்டினேன்.

மருத்துவமனைக்குப் போன் போட்டேன்.
ஒரு செவிலி அவன் காதருகே பிடித்தாள்.
மருந்தில் தடித்த குரல்.
வலியைப் பற்றிப் பேசவில்லை, சாவியைப் பற்றியும்.
"செனாய்ட் வெளிய வந்துட்டாளா?"

இருநூறு அடியில் சுரங்கம் வளைகிறது.
வளைவுக்கு அப்பால், பம்பின் இரைச்சலில்
காதில் அடைப்பானோடு
குழாய்க்குக் காப்புறை சுற்றிக்கொண்டிருந்தாள்.
வால்வில் அவள் முகம் இல்லை.
அவளுக்கென்று பூட்டு இல்லை;
ஓரெஸ்டின் பூட்டை நம்பிப் போயிருந்தாள்.
விரைவில், விரைவில், விரைவில் என்று
நான் எழுதிய பூட்டு
எட்மண்டனில் ஏதோ கிடங்கில் இருந்தது.

டெல்பர்ட் நடந்து போய்க் கூட்டி வந்தான்.
"என்ன ஆச்சு?" என்றாள்.
பிரெண்ட் வெட்டியைத் தரையில் வைத்தார்,
முட்டைத் தட்டை இறக்குவது போல.

சுவர்ப் பலகையில் விபத்தில்லா நாட்கள் 211.
ஓரெஸ்டின் இடுப்புக்காக அது பூச்சியமானது.
நடக்காமல் போனதை எழுத
அந்தப் பலகையில் கட்டம் இல்லை.
ரொவேனாதான் ஏணியில் ஏறி மாற்றினாள்:
இரண்டு கால், ஒரு கை,
மறுகையில் பூச்சியம்.

வெள்ளி. எழுதினேன்:
ஓரெஸ்டுக்கு அறுவை நல்லபடி முடிந்தது. ஐந்தாம் மாடி.
பூ வேண்டாம், தும்முகிறார்.
நாற்றில் இரண்டு தட்டு போயிற்று, மற்றவை பிழைத்தன.
செனாய்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதுவும் செய்திதான்.
புதிய பூட்டுகள் வி
என்று விரல் பழக்கத்தில் போயிற்று.
அழித்துவிட்டுக் கொள்முதல் பிரிவைக் கூப்பிட்டேன்.
பதினாறு நிமிடம் காத்திருப்பு இசை.
தேதி சொல்லாமல் வைக்க மாட்டேன் என்றேன்.
புதன், காலை பத்து. பன்னிரண்டு பூட்டு.
அதுவரை பூட்டில்லாதவர் கீழே இறங்கக் கூடாது.
பிரெண்ட் இரண்டு முறை படித்துக் கையெழுத்திட்டார்.

திங்கள், ஐந்து இருபத்தெட்டு.
செனாய்ட் கையுறையைக் கழற்றாமல் நின்று
மேலிருந்து கீழ்வரை படித்தாள்.
"என் பேர்ல ஒரு எழுத்து விட்டுப்போச்சு."

பேனாவைக் கொடுத்தேன்.
அவளே எழுதினாள்.