இடது குதிகால்

கேத்தோவுக்குப் பதினோரு மாதம்.
முட்டி போட்டுத் தவழமாட்டாள்.
உட்கார்ந்தபடியே போவாள்:
வலக்காலை மடித்து அடியில் போட்டுக்கொண்டு
இடக்காலை நீட்டி, குதிகாலை ஊன்றி
ஒரு தள்ளு.
இன்னொரு தள்ளு.
கதவருகே கிடக்கும் என் பூட்ஸை எட்டிப் பிடித்து
நாடாவைச் சப்பத் தொடங்கும்போது
அவள் வந்த வழி முழுக்க
எச்சில் பளபளக்கும் லினோலியத்தில்.

முதல் வாரம் மாக்வாலா சிரித்தாள்.
இரண்டாவது வாரம் படம் பிடித்தாள்.
மூன்றாவது வாரம்
அந்தப் படத்தை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தாள்,
ராத்திரி, போர்வைக்குள், ஒலியை அணைத்து.
எனக்குத் தெரியாதென்று நினைத்தாள்.
பகலில், துறைமுகத்தில், கிரேன் கூண்டுக்குள்
நானும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்,
கீழே ஒரு துருக்கிக் கப்பல் காத்திருக்க.

எதிர்வீட்டு ஜாபா ஒன்பது மாதத்திலேயே
பால்மாவு டப்பாவில் இருக்கிற குழந்தை மாதிரி
கச்சிதமாய்த் தவழ்கிறான்.
அவன் அம்மா படிக்கட்டில் கேட்டாள்:
"இன்னுமா?"
ஒரே சொல்.
உருளைக்கிழங்குப் பையோடு சேர்த்து
மூன்று மாடி சுமந்து வந்தாள் மாக்வாலா.

அதன்பிறகு வீட்டில் பரீட்சைகள்.
வலக்கையில் ஒரு கரண்டி, இடக்கையில் ஒரு கரண்டி.
எது முதலில் நழுவுகிறது?
இடது காலுறை மட்டும் குதியில் ஓட்டையாகியிருக்கிறதே,
வலது ஏன் கடையில் வாங்கியது போலவே இருக்கிறது?
சாக்குக்கட்டியால் தரையில் ஒரு நேர்கோடு போட்டோம்,
எந்தப் பக்கம் சாய்கிறாள் என்று பார்க்க.
கரண்டிகளை எறிந்தாள் கேத்தோ.
கோட்டின் மேல் போய் உட்கார்ந்து
அதை அழித்தாள்.

கருங்கடல் மழை போத்தியை விடாத ஒரு செவ்வாய்க்கிழமை
டாக்டர் ஷோரேனா அவளைப் பாயில் விட்டார்.
தூக்கினார், சாய்த்தார்,
இரண்டு தொடையையும் மடக்கி விரித்தார்.
"சில பிள்ளைகள் இப்படித்தான் நகரும்.
உங்கள் குடும்பங்களில் யாராவது?"
மாக்வாலா அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள்.
"நீயா? ஒழுங்காய் முட்டி போட்டல்லவா வந்தாய்!"
அறை முழுக்கக் கேட்டது அந்தப் பெருமை.
பேனா என் பக்கம் திரும்பியது.

நான் என்ன சொல்ல?
முப்பத்தாறு கட்டில் போட்ட கூடத்தில் வளர்ந்தவன்.
என் கோப்பில் எடை இருக்கிறது,
தடுப்பூசி இருக்கிறது,
போந்தோ என்ற பெயர் ஓரிடத்தில் பிழையாக இருக்கிறது.
எப்படித் தவழ்ந்தேன் என்று
குனிந்து பார்த்து எழுத
அங்கே எந்தக் கைக்கும் ஒழிவில்லை.
தவழ்ந்தேனா என்பதே சந்தேகம்.
கம்பிக் கட்டிலிலிருந்து நேரே
எழுந்து நடந்தும் வந்திருக்கலாம்.

"தெரியாது" என்றேன்.
டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார்.
"இரண்டு பக்கமும் பலம் சரியாக இருக்கிறது.
நடக்கக் கொஞ்சம் தாமதமாகலாம்.
மூன்று மாதம் கழித்துக் கூட்டி வாருங்கள்."
சரியாக இருக்கிறது என்பதை நான் கேட்டேன்.
மூன்று மாதம் என்பதை அவள் கேட்டாள்.

பேருந்தில் பேச்சே இல்லை.
யூகலிப்டஸ் வரிசை தாண்டியதும்
"நீ இப்படித்தான் நகர்ந்திருப்பாய்" என்றாள்,
குற்றம் சாட்டுகிற மாதிரி. இல்லை,
கண்டெடுத்த எதையோ
உரியவனிடம் கொடுக்கிற மாதிரி.

ராத்திரி இருவரும் தூங்கியபின்
விளக்கைப் போடாமல் தரையில் உட்கார்ந்தேன்.
நாற்பத்தொரு வயது. தொண்ணூறு கிலோ.
வலக்காலை மடித்தேன். இடக்காலை நீட்டினேன்.
ஒரு தள்ளு.
இடுப்பில் ஏதோ சொடுக்கியது.
இன்னொரு தள்ளு.
உடம்புக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை,
சத்தியமாய் ஒன்றுமே.
அடுப்புக்கடியில்,
இவ்வளவு தாழ்ந்தால்தான் தெரிகிற இடத்தில்,
ஒரு கரண்டி கிடந்தது.
வலக்கைக் கரண்டியா, இடக்கைக் கரண்டியா?
வெளியே தவளைகள் ஓயவில்லை.

நிமிர்ந்தால் கதவருகே மாக்வாலா.
எவ்வளவு நேரமாய் நின்றாளோ.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"குதிகாலை இன்னும் கொஞ்சம் வெளியே வை" என்றாள்.
"அவள் அப்படித்தான் வைப்பாள்."