பார்வை மறையுது

இடுப்புக்குக் கீழே நான் இல்லை.
முதுகில் ஊசி போட்டு அரை மணிக்கூர் ஆச்சு.
வெளியே நாகர்கோவிலில் மழை.
நெஞ்சுக்கு மேலே ஒரு பச்சைத் துணி,
அதற்கு அப்புறம் எனக்க வலது கால்,
டாக்டர் பென்சிகர்,
கருங்கலிலிருந்து வந்த ஷிபின்,
அவனுடைய கம்ப்யூட்டர்.

கண்ணுக்கு ஒன்றும் எட்டாது. காது உண்டு.

தொடை எலும்பில் இரண்டு ஆணி, கீழ்க்கால் எலும்பில் இரண்டு,
ஆணித் தலைகளில் பளபளக்கும் குண்டுமணிகள்.
மூலையில் நிற்கும் கேமரா அதைப் பார்க்குமாம்,
பார்த்து, எலும்பு எங்கே நிற்குதென்று சொல்லுமாம்.
நேற்றே படம் காட்டி விளக்கினான் ஷிபின்.
எனக்கா சொல்லித் தாற?
கல்குளம் தாலுகாவில் முப்பத்தொரு வருஷம்
முக்காலி நட்டு, கண்ணாடிக் குச்சியை
நேரே பிடிக்கச் சொன்ன சர்வேயர் நான்.

திருவட்டார் ரப்பர் விளைகளில்
அயனிமரத்தைச் சுற்றி, சானலைத் தாண்டி,
சரிவில் ஏறி இறங்கித் தேய்ந்த முட்டு இது.
உள்பக்கம் மட்டும் தேய்ந்தது.
அண்ணன் தம்பி பாகம் பிரித்ததுபோல
ஒருவனுக்கு எல்லாம், ஒருவனுக்கு ஒன்றுமில்லை.

காலைத் தூக்கி வட்டம் சுற்றுகிறார்கள்.
பெரிய வட்டம், சின்ன வட்டம்.
சுற்றச் சுற்ற
இடுப்புக்குள் ஒளிந்திருக்கும் பந்தின் நடுப்புள்ளி
திரையில் தானே வந்து உட்காருமாம்.
தொடாமல் கண்டுபிடித்த புள்ளி.
கல் காணாமல்போன ஒரு விளையில்
நாலுபக்க அளவை வைத்து
தோண்டு இங்கே என்று நான் சொன்னதும்
மண்வெட்டி ணங்கென்றது ஓர்மை வந்தது.
விளைக்காரன் அன்று வருக்கைச் சுளை தந்தான்.

அடுத்து கணுக்கால். உள்முனை, வெளிமுனை.
பேனாபோல ஒன்றால் தொடத் தொட
மிஷின் பீப் என்கிறது.
"ஏழு டிகிரி வாரஸ்" என்றான் ஷிபின்.

ஏழா!
நூறு மீட்டருக்குப் பன்னிரண்டு மீட்டர் விலகல்.
அதற்குள் ஒரு வீடும் கிணறும் கட்டி
கேஸும் நடத்திவிடலாம்.
இந்தக் காலோடுதான்
பிறத்தியார் எல்லையை நேராக்கப் போயிருக்கிறேன்.

"பிளாக் வையுங்க" என்றார் டாக்டர்.
பிறகு ஒன்றுமில்லை.
ரம்பம் இல்லை, பீப் இல்லை.
"சிக்னல் போச்சு சார்."
"என்னடே ஆச்சு?"
"தெரியல்ல. இப்பம் வரை இருந்துது."

எனக்குத் தெரியும்.
துணிக்கு இந்தப் பக்கமிருந்து சத்தம் போட்டேன்:
"ஆரோ நடுவுல நிக்குது.
மாறி நில்லுங்க மக்கா, பார்வை மறையுது."

ஒரு ரப்பர் செருப்பு சரசரவென நகர்ந்தது.
"ஐயோ, நாந்தான்" என்றாள் நர்ஸ் சுபிதா.
பீப்.

"ரோஸ்லெட் மேடம், சும்மா கெடங்க."
ஆடு, மாடு, வார்டு மெம்பர்
எல்லாரையும் அந்தக் கோட்டிலிருந்து விரட்டியவள்
எப்படிச் சும்மா கிடப்பது?

ரம்பம் தொடங்கியது.
தடிமில்லின் சத்தம், சின்னதாக.
கருகின நகம்போல ஒரு மணம்.
சுத்தியல். பின்னும் சுத்தியல்.
நான் தையல் போடும்வரை பொறுத்திருந்தேன்.

"இப்பம் எவ்வளவு?"

"ஒரு டிகிரி. பச்சை விழுந்தாச்சு மேடம். போதும்."

போதுமா?
நூறு மீட்டருக்கு ஒன்றே முக்கால் மீட்டர்.
ஒரு மதிலைத் தள்ளிக் கட்ட அது தாராளம்.
வார்டுக்கு வந்தபிறகும் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது,
கால் மெல்ல திரும்பி வந்து வலிக்கத் தொடங்கி,
எனக்க கால் நூறு மீட்டர் நீளமில்லை
என்று எனக்கே உறைக்கும்வரை.