தெரியாதது 2

பெர்னில், நிலவறை ஆய்வகத்தில்,
மூன்று வாரமாக அதற்கு அதுதான் பெயர்.
தெரியாதது 1 பிறகு தெரிந்துவிட்டது:
பழைய எபிடோட், கொஞ்சம் அழுக்கு.
இது அப்படியில்லை.

கல்லை அனுப்பியவர் டூரி காமினாடா,
கிராவுபுண்டன் மலையில் பனிச்சறுக்கு லிஃப்ட் ஓட்டுகிறார்.
கோடையில் வேலையில்லை.
கைவிட்ட மாங்கனீசுச் சுரங்கத்தின் கழிவுக் குவியலில்
முழங்காலிட்டுக் கிடப்பார்.
ரொட்டிப் பையில் சுற்றி வந்தது கரிக்கட்டி போல ஒன்று,
நடுவே ரோஜா நிறக் கீறல்,
கீறலின் ஓரம் பாகு நிறத்தில் ஒரு துளி.
"நக்கிப் பார்க்கவில்லை" என்று குறிப்பு.

அறுத்தேன். தலைமுடியில் பாதித் தடிப்பு வரும்வரை தேய்த்தேன்.
கரி பூசி எலக்ட்ரான் கற்றைக்குக் கீழே வைத்தேன்.
சிலிக்கன், மாங்கனீசு, கால்சியம்,
பிறகு அருமண் தனிமங்கள்,
கல்யாண வீட்டுக்குத் தாமதமாக வரும் சொந்தக்காரர் போல
ஒருவர் பின் ஒருவராய், எல்லாருக்கும் ஒரே முகச்சாயல்.
கூட்டினால் தொண்ணூற்றேழு புள்ளி மூன்று.
மீதி தண்ணீர் என்றார் ரெகுலா.
கருவிக்குத் தண்ணீர் தெரியாது.
கணக்கு உதைக்கும்போதுதான்
அது இருப்பதே நமக்குத் தெரியும்.

படிகம் ஒன்றைப் பிரித்துக் கண்ணாடி இழை நுனியில் ஒட்டினோம்.
முதலாவது என் தும்மலில் போனது.
தரையை ஒட்டுநாடாவால் ஒற்றி ஒற்றி ஒரு பிற்பகல்:
தூசி, தூசி, யாரோ தின்ற பிரெட்சலின் உப்பு.
இரண்டாவது இரவெல்லாம் எக்ஸ் கதிரில் சுழன்றது.
விடிந்தபோது அணுக்கள் தத்தம் இடத்தில்.
அந்த அடுக்கு எந்தப் பட்டியலிலும் இல்லை.
ரெகுலா சத்தம் போடவில்லை.
காபி இயந்திரத்தில் சில்லறை போட்டார்,
இரண்டு முறை, ஒரே கோப்பைக்கு.

இனிப் பெயர்.
மண், கல் எல்லாம் இடுகுறி,
காரணம் கேட்காதே என்று ஏழாம் வகுப்பில் படித்தேன்.
இங்கே காரணத்துக்கென்றே படிவத்தில் ஒரு பெட்டி.
கண்டுபிடித்தவர் தன் பெயரை வைக்கக்கூடாது.
உயிரோடிருப்பவர் பெயரென்றால் அவர் சம்மதம் வேண்டும்.
டூரிக்கு அனுப்பினோம்.
கையெழுத்தில்லாமல் திரும்பியது, பென்சிலில் இரண்டு வரி:
"என் பெயரில் ஏற்கெனவே ஒரு காளை இருக்கிறது.
அண்ணன் வைத்தது. போதும்."

ஆகவே இடவாகுபெயர்.
சுரங்கத்துக்கு மேலே ஒரு மேய்ச்சல் மேடு.
பழைய வரைபடத்தில் அதற்கு ஜெர்மன் எழுத்துக்கூட்டு,
டூரியின் ரோமான்ஷ் வாயில் வேறு.
என் வதிவிட அட்டையில் முன்பின் மாறி
அப்பாவின் பெயர் என் பெயராகி இருபத்தொரு வருடம்.
ஃபிராவ் பொன்னுத்துரை என்றால் திரும்பிப் பார்க்கிறேன்,
அவர் செத்த பிறகும்.
டூரியை அழைத்தேன்.
மூன்று தரம் சொல்லச் சொல்லி
காதில் விழுந்தபடி எழுதினேன்: முத்தால்வா.
முத்தால்வைட்.
அதில் எனக்கு மட்டும் கேட்கிற முத்தைப் பற்றி
படிவத்தில் ஒன்றும் எழுதவில்லை.

விகுதியைப் பெரும்பான்மை தீர்மானிக்கும்.
சீரியமா, லாந்தனமா, எது கூடுதலோ அது.
அறுபது புள்ளிகள் அளந்தோம்.
நடுவில் சீரியம்.
விளிம்பில், பன்னிரண்டு மைக்ரான் அகலத்துக்கு, லாந்தனம்,
நூற்றுக்கு மூன்று அணு கூட.
கிரேக்கத்தில் அந்தப் பெயருக்கு ஒளிந்திருத்தல் என்று பொருள்.
ஒரு துளிக்குள் இரண்டு கனிமம்,
நடுவில் வேலியில்லை.
புதுச் சீட்டை எடுத்து எழுதினேன்: தெரியாதது 3.

நான்கு மாதம் கழித்துத் தீர்ப்பு:
ஆம் பதினாறு. இல்லை ஒன்று.
அந்த ஒருவர் யாரென்று டிராமில் யோசித்து
இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போனேன்.

டூரி கேட்டார்: "பார்க்க அழகா?"
"வெறும் கண்ணுக்குத் துளிதான், உங்களுக்குத் தெரியுமே."
காற்றில் லிஃப்ட் கம்பிகள் இரைந்தன.
"அப்போ காளைதான் மேல்," என்றார்.