இந்த அங்கியைத் துவைக்கப் போவதில்லை

சியாத்துராவில் எல்லாவற்றின் மீதும் மாங்கனீசு படியும்.
ஜன்னல் விளிம்பில்,
கொடியில் காயும் தலையணை உறையில்,
பின்வரிசைப் பையன்களின் நகக்கண்களில்.
அதனால்தான் மே மாதத்துக் கடைசி மணியன்று
பிள்ளைகள் வெள்ளைச் சட்டையில் திரண்டு வரும்போது
இந்தப் பள்ளத்தாக்கு ஒரு கணம் கண்ணைக் கசக்கிக்கொள்கிறது.

மணியடித்தவள் முதல் வகுப்புப் பிக்ரியா.
பன்னிரண்டாம் வகுப்பு எகுவ்திமேயின் தோளில் உட்கார்ந்து
போதும் போதும் என்றாலும் விடாமல் அடித்தாள்.
தலைமையாசிரியர் உரையில் பாதி அதிலேயே போயிற்று.
என் முதல் நன்றி அவளுக்கு.

பிறகு பேனாக்கள் வெளியே வந்தன.
முதுகெல்லாம் கரும்பலகை.
என் ஆய்வக அங்கியையும் விட்டுவைக்கவில்லை.
குவான்சா தோளில் எழுதினாள்:
"அமிலத்தைத்தான் நீரில் ஊற்றணும், நீரை அமிலத்தில் இல்லை.
கல்யாணத்துக்குப் பிறகும் நினைவில் வைப்பேன்."
தொர்னிகே முதுகில் என்னவோ வரைந்தான்.
எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

செப்டம்பரில் பத்தொன்பது பெயர்கள்.
நான்கு பெயர்கள்
பாரிக்கும் தெஸ்ஸலோனிக்கிக்கும் போய்விட்டன,
அங்கே யார் வீட்டு முதியவரையோ
குளிப்பாட்டிக்கொண்டிருக்கும் தாய்மாரிடம்.
பதிவேட்டில் கோடிழுத்து அடிக்கச் சொன்னார்கள்.
அடிக்கவில்லை.
தினமும் அந்த இடம் வந்ததும்
ஒரு மூச்சளவு நின்று தாண்டுவேன்.
வகுப்பும் நிற்கும்.
அதை அவர்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

ஐந்தாவதாகப் போயிருக்க வேண்டியவன் மிந்தியா.
ஒருநாளும் வீட்டுப்பாடம் தந்ததில்லை.
தேர்வுத்தாளில் விடை இருக்கும், வழி இருக்காது.
சரியான விடைதான்; ஆனாலும் பக்கத்தில்
சிவப்பு மையில் எழுதுவேன்: "ஏன்?"
நாற்பது முறையாவது எழுதியிருப்பேன்.
தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வான்.

பிப்ரவரியில் குழாய்கள் உறைந்த வாரம்.
குத்தாய்சியில் ஒரு தனியார் பள்ளிக்கு
விண்ணப்பம் எழுதி இழுப்பறையில் வைத்திருந்தேன்:
இரண்டு மடங்கு சம்பளம், வெந்நீர், புதுக் குடுவைகள்.
அன்று பெர்மாங்கனேட் சமன்பாட்டை
அரைத்தூக்கத்தில் பலகையில் எழுதினேன்.
இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒட்டவில்லை.
பதினான்கு பேர் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.
அவன் மட்டும் எழுந்து வந்தான்,
என் விரலிடுக்கிலிருந்த சாக்பீஸை உருவினான்,
இரும்புக்கு முன்னால் நின்ற இரண்டை ஐந்தாக்கினான்.

ஏன், என்றேன். பழக்கம்.

"எலெக்ட்ரான் எங்கேயாவது போய்த்தானே சேரணும் டீச்சர்.
ஒரு பக்கம் குறைஞ்சா
இன்னொரு பக்கம் இருக்கும்.
காணாமப் போகாது."

யாரும் பேசவில்லை.
பதிவேட்டில் நான் நின்று தாண்டும் இடம்
அன்றைக்கு அவ்வளவு வெறுமையாக இல்லை.
விண்ணப்பத்தின் பின்பக்கத்தில்
மார்ச் மாத மதிப்பெண்களைக் கூட்டினேன்.

இன்று வரிசையாக வந்து நன்றி டீச்சர், நன்றி டீச்சர் என்றார்கள்.
கை நிறைய பியோனிப் பூ; தும்மல் வேறு.
நானும் ஒன்று சொல்லத்தான் தொண்டையைச் செருமினேன்.
எது முந்திக்கொண்டு வந்தது தெரியுமா:
"சட்டைகளைக் குளிர்ந்த நீரில் ஊறவையுங்கள்.
வெந்நீர் பட்டால் மை நிலைத்துவிடும்."
இருபத்திரண்டு வருட அனுபவம் பேசியது.

கேபிள் காரில் மலையேறி வீடு திரும்புகிறேன்.
கீழே ஆறு, இந்த மாதத்துக்கு அதிகக் கருப்பில்லை.
இயக்குபவர் ஜுஜுனா என் முதுகைப் பார்த்துவிட்டு
"யார் வரைந்த கழுதை?" என்கிறார்.
ஓ, கழுதையா.

கழற்றி மடிக்கும்போதுதான் கண்டேன்.
வலக்கையின் உள்மடிப்பில், வெளியே தெரியாமல்,
என் எழுத்தைப் போலவே சாய்த்து,
என் பேனாவையே எடுத்து எழுதியிருக்க வேண்டும்,
சிவப்பில்:
"ஏன்?"

ஏன் தங்கினீர்கள் என்றா? ஏன் என்னை விடாமல் கேட்டீர்கள் என்றா?
எதுவானாலும், மிந்தியா,
என்னிடம் விடை மட்டும் இருக்கிறது.
வழியைக் காட்டத் தெரியவில்லை.
இப்படிப்பட்ட தாளுக்கு நான் முழு மதிப்பெண் போட்டதில்லை.

கார் மெல்ல ஆடி நிலையத்தில் நிற்கிறது.
குளிர்ந்த நீரில் மை போய்விடும்.
நான்தானே சொன்னேன்.