தன்மைப் பன்மை

பக்கத்துக்கு எண்ணூறு ரூபாய்.
ஹப்புத்தளை பஸ் தரிப்பிடத்துக்கு மேலே
மருந்துக்கடை மாடியில் என் மேசை.
மூடுபனி ஜன்னல் வழியே வந்து
அகராதியை நனைத்துவிட்டுப் போகும்.

பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கியவர்கள்
சுவரில் மாட்ட வாசகம் கேட்கிறார்கள், மூன்று மொழியிலும்.
மிஸ் அடிலேட் கார்ஃபிட்,
ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்றில்
காப்பித் தோட்டங்களைத் தாண்டி மேலே ஏறியவள்.
அவளுடைய பயண நூல் என் முன்னால்,
கரையான் தின்ற விளிம்போடு.

ஒப்புக்கொள்ள வேண்டும், கெட்டிக்காரி.
மழைக்கு முன் காட்டில் எழும் வாடையை
"நெடுநாள் பூட்டிய பெட்டியின் உள்மணம்" என்கிறாள்.
அட்டைகளுக்கு ஏழு பக்கம்; ஏழும் சிரிப்பு.
காய்ச்சலில் நடுங்கியபடி
மணிக்கொரு தரம் பாரமானியைப் பார்த்துக் குறித்திருக்கிறாள்.
பெண் கேட்டு வந்த பாதிரியாரை
ஓர் அடிக்குறிப்பில் தள்ளிவிட்டாள்.
கடைசிக் காலத்தில் கடலோர வாடகை அறையில்
எல்லாவற்றையும் விற்றாளாம்,
பாரமானியை மட்டும் விற்கவில்லையாம்.
முன்னுரையில் அண்ணன் மகன் எழுதுகிறான்.

ஏறினேன். கடந்தேன். கண்டுபிடித்தேன்.
தமிழில் எழுத எழுத
ஒவ்வொரு வரியின் வாலிலும் ஓர் ஏன்.

பதினெட்டுப் பேர் அவளோடு போனார்கள்.
அந்தக் கணக்கு சாமான் பட்டியலில் இருக்கிறது,
தகரக் குளியல் தொட்டிக்கும் எழுதுமேசைக்கும் நடுவில்.
ஒருவனுக்கு மட்டும் பெயர் உண்டு,
ஐந்தே ஆங்கில எழுத்தில்.
வீரனா, வைரனா, வைரவனா?
மூன்றையும் எழுதிப் பார்த்து
மூன்றையும் அடித்தேன்.

உச்சியில் அவள் சொல்கிறாள்:
"இங்கே தன்னந்தனியாக நின்றேன்.
மனிதக் கால் படாத இடம்.
கையில் ஒரு வெந்த முட்டை, இன்னும் சூடாக."

ஏழாயிரம் அடி. ஜூலைக் காற்று. ஈர விறகு.

நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம் வரை இப்படித்தான்.
அங்கே ஓர் ஓடை வருகிறது.
பாசிக்கல்லில் வழுக்கித்
தொப்பியோடு தண்ணீரில் உட்கார்ந்துவிடுகிறாள்.
பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து
வாயைப் பொத்திக்கொள்கிறான்.
திரும்பிப் பார்க்கிறாள்.
அடுத்த வரியில் இரண்டே சொல்.
சிரிப்பு. அதன் எழுவாய் பன்மை.
நூல் முழுக்க இந்த ஒரே இடத்தில்.

நாமா? நாங்களா?
சிங்களத்தில் பெயர்க்கும் தம்மிகாவுக்கு இந்தத் தொல்லையில்லை,
'அபி' என்று எழுதிவிட்டுத் தேநீருக்குப் போய்விட்டாள்.
நாங்கள் என்றால் படிக்கிறவர் வெளியே.
நாம் என்றால்
நானும் அந்த ஓடையில் நிற்க வேண்டும்,
தலையில் தொட்டியோடு.

ஒரு மாலை முழுக்க அதிலேயே போனது.
எழுவாயை விட்டுவிட்டேன்.
சிரித்தோம்.
வினையே போதும், வாலில் ஓர் ஓம்,
யாழ்ப்பாணத்துக்காரர் சம்மதம் சொல்கிற மாதிரி.

ஹோட்டல்காரர்கள் அந்த வரியை எடுக்கவில்லை.
உச்சியில் தனியாக நின்றதைத்தான் எடுத்தார்கள்,
பித்தளையில் பொறித்து, முட்டையோடு சேர்த்து.

பலகையைப் பூட்ட வந்தவர்
கீழ்ப்பிரிவு லயத்து யோகநாதன்.
பல்லிடுக்கில் இரண்டு திருகாணி.
தமிழை மட்டும் ஒருமுறை படித்தார்.
ஆணிகளை உள்ளங்கையில் துப்பிக்கொண்டு கேட்டார்,
"அப்ப முட்டைய அவிச்சது யாருங்க?"

நான் அடித்த மூன்று பெயரையும் சொன்னேன்.
"வைரவனா? எங்க லயத்துலயே ரெண்டு பேரு இருக்காங்களே."

பலகை இடதுபக்கம் கொஞ்சம் சரிந்திருந்தது.
இரண்டு பேரும் தள்ளி நின்று பார்த்தோம்.
அப்படியே விட்டோம்.